கழிவுக் கட்டத்தில் விழுங்கப்பட்ட புள்ளி: ஏலக்காய் ஸ்டோர் ஒன்றின் பில் மென்பொருளில் நடந்த பிழை

பின்னணி

கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக மலையேறினால், எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதுமே இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு சேர்ந்தன. ஆனால் தோட்டத்து வேலையும் வியாபாரமும் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. காலையில் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்புகளில் ஆட்கள் மேலே போகிறார்கள், மாலையில் இறங்கி வருகிறார்கள். மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் மேலே புற்றடியிலும் கீழே போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. கணக்கு எழுதுகிறவர்களில் தமிழர்களும் உண்டு, மலையாளிகளும் உண்டு; ஒரே மேசையில் இரண்டு மொழியிலும் பெயர்கள் எழுதப்படும்.

நான் கம்பத்தில் இருந்துகொண்டு சிறு வியாபாரிகளுக்குப் பில் மென்பொருள் எழுதித் தருகிறேன். இங்கே பதிவு செய்வது, எல்லைக்கு அப்பால் உள்ள ஓர் ஏலக்காய் ஸ்டோருக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருளில் நடந்த பிழை. ஸ்டோர் என்பது காயை உலர்த்திக் கொடுக்கும் இடம். சிறு விவசாயிகள் பச்சைக் காயைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது டிரையரில் உலர்ந்து, தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டு, அங்கேயே விலைக்கும் எடுத்துக்கொள்ளப்படும். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் சுமார் ஒரு கிலோ கிடைக்கும் என்பதால், உலர்ந்த காயில் ஒவ்வொரு நூறு கிராமும் விவசாயிக்குக் கணக்குத்தான்.

எடை போடும் முறையைச் சொல்லாமல் பிழையைச் சொல்ல முடியாது. உலர்ந்த காய் முழுவதும் பெரிய தராசில் ஒருமுறை நிறுக்கப்படும். பிறகு பெண்கள் மேசையில் கொட்டிக் காம்பு, சருகு, வெடித்த காய் ஆகியவற்றைப் பொறுக்கி எடுப்பார்கள். அந்தக் கழிவைச் சிறிய மேசைத் தராசில் நிறுத்து, ஒரு நோட்டில் பென்சிலால் கிராமில் எழுதுவார்கள்: 400, 300, 600 என்று. கணக்கர் அந்த நோட்டைப் பார்த்து, பில் திரையில் மொத்த எடையையும் கழிவையும் கிலோவில் இடுவார். மொத்தத்திலிருந்து கழிவைக் கழித்தது போக மீதிக்குப் பணம்.

கட்டுப்பாடு வந்த விதம்

மென்பொருள் சி ஷார்ப் என்ற நிரல்மொழியில், விண்டோஸ் கணினிக்கான திரைகளை அமைக்கும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் முறையில் எழுதப்பட்டது. முதல் பதிப்பில் திரையில் எடையை நிரப்பும் கட்டங்கள் எல்லாம் சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸ்கள். எதை வேண்டுமானாலும் தட்டலாம். எடைக்குப் பின்னால் யாராவது கேஜி என்று சேர்த்துவிட்டால், சேமிக்கும்போது எண்ணாக மாற்ற முடியாமல் புரோகிராம் மூடிக்கொண்டது. அதைச் சரிசெய்யப் பலரும் பயன்படுத்தும் வழியையே நானும் எடுத்தேன். விசை அழுத்தப்படும்போது எழும் கீபிரஸ் நிகழ்வில் மூன்று நிபந்தனைகள் வைத்தேன். பேக்ஸ்பேஸ் போன்ற கட்டுப்பாட்டு விசைகளும் இலக்கங்களும் புள்ளியும் தவிர மற்றவற்றை மறுக்க வேண்டும். கட்டத்தில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருந்தால் இரண்டாவது புள்ளியை மறுக்க வேண்டும். மறுக்கப்பட்ட விசை திரையில் எந்தச் சுவடும் இல்லாமல் மறைந்துவிட வேண்டும். ஏழெட்டு வரிகள்தான். இணையத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைகளில் பாதிக்கு மேல் இதே வடிவத்தில்தான் இருக்கும். இரண்டு ஆண்டுகள் எடை தவறியதாக எந்தப் புகாரும் வரவில்லை.

பிறகு ஒரு வைகாசியில், மூத்த கணக்கர் ஒரு வசதி கேட்டார். கழிவுக் கட்டத்தில் தொடக்கத்திலேயே 0.000 என்று இருக்கும். ஒவ்வொரு முறையும் அதை அழித்துவிட்டு எழுத வேண்டியிருக்கிறது, கட்டத்துக்குள் நுழைந்ததும் அது முழுவதும் தேர்வாகிவிட்டால் நேராகத் தட்டலாம் என்றார். நியாயமான கோரிக்கை. கட்டத்துக்குள் நுழையும் நிகழ்வில் செலக்ட் ஆல் என்ற ஒரு வரியைச் சேர்த்தேன். சோதித்துப் பார்த்தேன், வேலை செய்தது. நான் சோதித்தபோது தட்டியது 0.4.

ஆவணியில் ஸ்டோருக்குப் புதிதாக ஒரு பெண் கணக்கர் வேலைக்குச் சேர்ந்தார். கம்பத்துக்காரர், தினமும் ஜீப்பில் போய்வருகிறவர். முன்பு நகைக்கடை ஒன்றில் பில் போட்டவர் என்பதால் எண் விசைகளில் கை வேகமாக ஓடும்.

கவனிக்கப்பட்டது

ஐப்பசியில் ஒரு விவசாயியின் வீட்டில் பில்லை மகன் வாசித்துக் காட்டியபோது சந்தேகம் எழுந்தது. மொத்தம் 61.250 கிலோ, கழிவு 4.000 கிலோ, நிகரம் 57.250 கிலோ. விவசாயியான அந்த அம்மா அன்று பொறுக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தவர். மறுநாள் பில்லோடு வந்து, “நோட்டுல நானூறுன்னு எழுதுனத நான் கண்ணால பாத்தேன். பில்லுல நாலு கிலோ எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். நோட்டை எடுத்துப் பார்த்தால், அவர் சொன்னபடி 400 என்றுதான் இருந்தது. அன்றைய விலை கிலோவுக்கு 1,850 ரூபாய். 3.6 கிலோ கூடுதலாகக் கழிக்கப்பட்டதில் அவருக்கு 6,660 ரூபாய் குறைந்திருந்தது.

ஸ்டோரில் முதலில் எழுந்த சந்தேகம் மென்பொருள் மீது அல்ல, பில் போட்ட அந்தப் பெண் கணக்கர் மீது. தவறு எல்லாமே ஸ்டோருக்கு லாபமாகவும் விவசாயிக்கு நஷ்டமாகவும் இருந்தது. புதிதாக வந்தவர் போட்ட பில்லிலேயே அது இருந்தது. முதலாளி அவரை இரண்டு நாள் பில் மேசையிலிருந்து மாற்றி, பொறுக்கும் இடத்தில் உட்கார வைத்தார். மூத்த கணக்கர், தாம் இரண்டு ஆண்டுகளாக இதே புரோகிராமில் பில் போடுவதாகவும், ஒருமுறைகூட இப்படி நேர்ந்ததில்லை என்றும் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மையே அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாக நின்றது. இந்தப் பதிவை நான் எழுத முக்கியக் காரணம் அந்த இரண்டு நாட்கள்.

என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, நான் என் கணினியில் அதே பில்லைப் போட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலும் அவருக்கு எதிராகத்தான் போயிற்று. பிழையைத் தேடுகிறவன் தன் கைப்பழக்கத்தோடு தேடினால் தன் கைக்கு வராத பிழை அவனுக்குத் தெரியாது என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

தேடல்

மூன்றாம் நாள் நேரில் போனேன். அந்தப் பெண்ணை அழைத்து, “எப்பவும் போடுற மாதிரியே போடும்மா, நான் பக்கத்துல நிக்கிறேன்” என்றேன். “நான் தப்பாப் போடலண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். திரையைப் பார்க்காமல் அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்த எடையை இட்டார், டேப் விசையை அழுத்தினார், கழிவுக் கட்டத்தில் 0.000 நீலமாகத் தேர்வானது. எண் விசைப்பகுதியில் புள்ளியை அழுத்தினார், நான்கை அழுத்தினார், மறுபடியும் டேப். அதற்குள் அவருடைய கண் நோட்டின் அடுத்த வரிக்குப் போய்விட்டது. கட்டத்தில் 4.000 என்று நின்றது.

நகைக்கடையில் ஒரு கிராமுக்குக் குறைந்த எடைகளை அவர் புள்ளியில் தொடங்கித் தட்டியே பழகியிருந்தார். முன்னால் பூஜ்யம் போடுவதில்லை. புள்ளியை அழுத்தும் அந்தக் கணத்தில் கட்டத்தில் இருப்பது 0.000, அதில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருக்கிறது. அது முழுவதும் தேர்வாகி இருக்கிறது, அடுத்து எதைத் தட்டினாலும் அது அழிந்துவிடும் என்பதை என் நிபந்தனை பார்ப்பதில்லை. கட்டத்தில் புள்ளி உண்டா என்று மட்டும் கேட்கிறது, உண்டு என்று விடை வருகிறது, விரல் அழுத்திய புள்ளி விழுங்கப்படுகிறது. அடுத்து வந்த 4, தேர்வாகியிருந்த 0.000 முழுவதையும் அழித்துவிட்டுத் தனியாக நிற்கிறது. கட்டத்தை விட்டு வெளியேறும்போது மூன்று தசம இடங்களோடு அழகாக எழுதும் இன்னொரு வரி, அந்தத் தவறான 4ஐ 4.000 என்று நிறுத்துக் கொடுத்ததுபோல் காட்டுகிறது.

0.4 என்று தட்டுகிறவருக்கு இது நேராது. முதலில் வரும் பூஜ்யம் தேர்வை அழித்துவிடுகிறது. அடுத்து வரும் புள்ளிக்குத் தடையில்லை. மூத்த கணக்கரும் நானும் அப்படித் தட்டுகிறவர்கள். அந்தப் பெண் .400 என்று முழுதாகத் தட்டும் பழக்கமுள்ளவராக இருந்திருந்தால் கழிவு 400 கிலோ என்று வந்து, நிகரம் எதிர்மறையாகி, முதல் நாளே எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஐந்து, ஆறு கிலோ கொண்டுவரும் மிகச் சிறிய விவசாயியின் பில்லிலும் 4 கிலோ கழிவு உடனே கண்ணைக் குத்தும். அப்படி இரண்டு முறை குத்தியதாகவும், கை தவறிவிட்டது என்று நினைத்துத் தாமே திருத்திக்கொண்டதாகவும் அவர் சொன்னார். நாற்பது, அறுபது கிலோ கொண்டுவருகிறவரின் பில்லில்தான் அது சத்தமில்லாமல் ஒளிந்துகொண்டது.

முதலாளியை அழைத்து, அவர் கண் முன்னால் நானே புள்ளியில் தொடங்கித் தட்டிக் காட்டினேன். தவறு என்னுடையது என்று அந்தப் பெண்ணிடமும், மேசையில் இருந்த மற்றவர்களிடமும் சொன்னேன். அன்று பிற்பகலே அவர் பில் மேசைக்குத் திரும்பினார்.

கூடவே தெரியவந்தவை

ஒரு கட்டத்தை இவ்வளவு உற்றுப் பார்த்த பிறகு, மற்றவற்றையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதே கீபிரஸ் தடையில் இன்னும் சில ஓட்டைகள் இருந்தன.

ஒட்டுதல் முதலாவது. கன்ட்ரோல் விசையோடு வி அழுத்தினால் கீபிரஸ் நிகழ்வுக்கு வருவது 22 என்ற குறியெண் கொண்ட கட்டுப்பாட்டு எழுத்து. கட்டுப்பாட்டு விசைகளை நான் அனுமதித்திருந்ததால் அது தாராளமாக உள்ளே போயிற்று. மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி ஒட்டினால் கீபிரஸ் எழுவதே இல்லை. வாட்ஸாப்பில் வரும் எடையை நகலெடுத்து ஒட்டுவது அங்கே அன்றாடப் பழக்கம். விசையை மட்டும் காவல் காத்த கட்டத்துக்குள் எதுவும் ஒட்டப்படலாம் என்ற நிலை இரண்டு ஆண்டுகளாக இருந்திருக்கிறது.

இரண்டாவது, எல்லைப் பகுதிக்கே உரியது. மலையாளக் கணக்கர் ஒருவர், விவசாயிகளின் பெயர்களை மலையாளத்தில் எழுத ஒலிபெயர்ப்பு விசைப்பலகை வைத்திருந்தார். அதில் எண்களையும் மலையாள வடிவிலேயே எழுதும் தேர்வு இயக்கப்பட்டிருந்தது. எப்போதாவது பில் போடும்போது புரோகிராம் மூடிக்கொள்கிறது என்று அவர் பல மாதங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். என்னால் காரணம் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. இலக்கமா என்று பார்க்க நான் பயன்படுத்திய இஸ்டிஜிட் என்ற செயல்பாடு, யூனிகோடு பதின்ம இலக்கம் என்று வகைப்படுத்திய எல்லா எழுத்துகளுக்கும் ஆம் என்று சொல்லும். மலையாள எண்களுக்கும் ஆம், நம் ௪க்கும் ஆம். ஆனால் எழுத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ் செயல்பாடு 0 முதல் 9 வரையுள்ள வழக்கமான இலக்கங்களை மட்டுமே ஏற்கும். வாசலில் விட்டுவிட்டு உள்ளே அடிப்பது போன்ற நிலை. சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளமான டாட்நெட்டின் 7ஆம் பதிப்பு முதல் வழக்கமான பத்து இலக்கங்களை மட்டும் பார்க்கும் தனிச் செயல்பாடு உண்டு; அந்த ஸ்டோரின் கணினிகளில் ஓடுவது பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் என்பதால் 0க்கும் 9க்கும் இடையில் உள்ளதா என்று நேராக ஒப்பிட வேண்டியிருந்தது.

மூன்றாவது, காற்புள்ளி. தசம எண்களுக்கான டெசிமல் வகையின் பார்ஸ், நாம் வேறு சொல்லாதவரை, ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளியை அனுமதிக்கும். அது சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று சோதிப்பதும் இல்லை. 1,2,5 என்று எழுதினாலும் 125 என்றே எடுத்துக்கொள்ளும். விசைப்பலகையில் காற்புள்ளியும் புள்ளியும் அடுத்தடுத்த விசைகள். 48.650 என்று தட்ட வேண்டியதை 48,650 என்று ஒருவர் அனுப்பி, அதை இன்னொருவர் ஒட்டினால், 48 கிலோ 48 ஆயிரம் கிலோவாகிவிடும். அது நடந்ததற்கான தடயம் எதுவும் இல்லை. ஆனால் தடுக்கும் ஏற்பாடும் எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடனடித் திருத்தம் எளிதாகவே இருந்தது: கட்டத்தில் இப்போது இருப்பதைப் பார்க்காமல், தேர்வான பகுதியை நீக்கி, தட்டிய எழுத்தைச் சேர்த்தால் என்ன வருமோ அதைப் பார்த்து முடிவு செய்வது. அன்று மாலையே அதைப் போட்டுவிட்டுத்தான் மலையிறங்கினேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

யோசித்த மாற்றுகள் சில. நியூமெரிக் அப்டவுன் என்ற ஆயத்தக் கட்டம் எண்களை மட்டுமே ஏற்கும், தசம இடங்களையும் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் உச்ச வரம்பைத் தாண்டி ஓர் எண்ணைத் தட்டினால், அது எதுவும் சொல்லாமல் உச்ச வரம்பாகவே மாற்றிவிடும். நாம் அமைக்காவிட்டால் அந்த வரம்பு 100. மேலும், கட்டம் தேர்வில் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எண் மாறிவிடும். நிரப்ப வேண்டிய வடிவத்தை முன்பே குறித்துவைக்கும் மாஸ்க்டு டெக்ஸ்ட் பாக்ஸ் ஒவ்வொரு இலக்கத்துக்கும் நிலையான இடம் கேட்கும், 0.4க்கும் 61.250க்கும் ஒரே முகமூடி பொருந்தாது. விண்டோஸ் இயக்கமுறையிலேயே இலக்கங்கள் மட்டும் என்ற பாணி ஒன்று உண்டு. அதிலும் ஒட்டுதலுக்குத் தடையில்லை, புள்ளிக்கு இடமில்லை.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் நடந்த பிழையின் உண்மையான உருவம் எனக்குத் தெளிவானது. புள்ளியைப் பற்றிய நிபந்தனை தவறு என்பது அதில் ஒரு பகுதிதான். ஒருவர் தட்டியதில் ஓர் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியை எண்ணாக ஏற்றுக்கொள்வதே தவறு. எஞ்சியிருப்பது அவர் சொன்ன எண் அல்ல, வேறோர் எண். எழுத்துகளை மட்டும் தடுத்தால் பாதகமில்லை என்றுகூட முதலில் நினைத்தேன். மூத்த கணக்கர் மேல்வரிசை எண்களில்தான் தட்டுவார். அங்கே பூஜ்யத்துக்குக் கீழேயே ஆங்கில ஓ இருக்கிறது. 400 தட்டும்போது நடுவில் ஓ விழுந்து, அது சத்தமின்றி மறைக்கப்பட்டால், கட்டத்தில் 40 நிற்கும். ஓ அப்படியே திரையில் தெரிந்தால் அவரே பார்த்துத் திருத்திக்கொள்வார்.

எனவே எந்த விசையையும் விழுங்குவதில்லை என்று முடிவு செய்தேன். தட்டியதும் ஒட்டியதும் அப்படியே திரையில் நிற்கும். கட்டத்தை விட்டு வெளியேறும்போது எழும் வேலிடேட்டிங் நிகழ்வில் முழு எழுத்துச் சரமும் ஒருமுறை சோதிக்கப்படும்: காற்புள்ளிக்கு அனுமதி இல்லை, கணினியின் நாடு, மொழி பற்றிய வட்டார அமைப்பு எதுவாக இருந்தாலும் புள்ளி மட்டுமே தசமக் குறி, எண்ணாக மாறாவிட்டால் புரோகிராமை மூடாமல் தோல்வி என்று மட்டும் சொல்லும் டிரைபார்ஸ் முறையில் மாற்றம், தோற்றால் கட்டத்தின் பக்கத்தில், பிழையைச் சுட்டும் எரர்புரொவைடரின் சிவப்புக் குறியும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வரிக் காரணமும். அந்த நிகழ்வை ரத்து செய்து கணக்கரை அந்தக் கட்டத்திலேயே அடைத்து வைக்கவில்லை. அப்படிச் செய்தால் பாதி பில்லில் விவசாயி வந்து ஏதாவது கேட்டால் திரையை மூடக்கூட முடியாமல் போகும். குறி இருக்கும்வரை சேமிக்கும் பொத்தான் மட்டும் இயங்காது.

அதைவிடப் பெரிய மாற்றம் கழிவுக் கட்டத்தின் அலகு. நோட்டில் 400 என்று இருக்கிறது, திரை .4 கேட்கிறது. கிராமைக் கிலோவாக மாற்றும் வேலையை ஒரு நாளைக்கு நூறு தடவை கணக்கரின் தலையில் ஏற்றியவன் நான். அந்த மாற்றத்தில்தான் புள்ளியே பிறந்தது. இப்போது அந்தக் கட்டம் கிராமில் முழு எண்ணையே கேட்கிறது. மேசைப் பெண்கள் எழுதியதைக் கணக்கர் அப்படியே தட்டுகிறார். பழைய பழக்கத்தில் .4 என்று தட்டினால் அது .4 ஆகவே நின்று, கிராமில் எழுதவும் என்ற சிவப்பு வரி வரும்.

எண்ணாக இருப்பது மட்டும் போதாது, நம்பும்படியான எண்ணாகவும் இருக்க வேண்டும். அந்த ஸ்டோரில் கழிவு வழக்கமாக நூற்றுக்கு ஒன்றைத் தாண்டுவதில்லை. நூற்றுக்கு மூன்றைத் தாண்டினாலோ, சந்தேகப்படும் அளவுக்குக் குறைந்தாலோ, சேமிக்கும் முன் ஒரு கேள்வி வரும். பச்சைக்கும் உலர்ந்ததற்கும் உள்ள ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தையும் அதே போல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இவை தடை அல்ல. மழை நனைந்து பூசணம் பிடித்த காய் வந்தால் கழிவு உண்மையிலேயே கூடும், அப்போது ஆம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

கடைசியாக, ஒவ்வொரு எடைக் கட்டத்தின் கீழும் அந்த எண் எழுத்தில் தெரியும்: நானூறு கிராம், அறுபத்தொன்று கிலோ இருநூற்று ஐம்பது கிராம். எதிரில் நிற்கும் விவசாயிக்கும் தெரியும்படி திரையைத் திருப்பி வைக்கச் சொன்னேன். பில்லிலும் கழிவு இப்போது எழுத்தில் அச்சாகிறது. தரவுத்தளத்தில் எண்ணோடு கூட, கணக்கர் தட்டிய எழுத்துச் சரமும் அப்படியே சேமிக்கப்படுகிறது. இன்னொரு முறை யார் மீதாவது சந்தேகம் வந்தால் அவர் என்ன தட்டினார் என்பது இருக்கும்.

பழைய பில்கள்

தரவுத்தளத்தில் 4.000 என்று மட்டும் இருந்ததால், அது விழுங்கப்பட்ட புள்ளியா, உண்மையிலேயே 4 கிலோவா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. நம்பத் தகுந்த ஒரே சான்று பென்சில் நோட்டு. ஆவணி முதல் போடப்பட்ட பில்களில் கழிவு நூற்றுக்கு மூன்றைத் தாண்டியவற்றை வடித்தெடுத்தோம், 23 கிடைத்தன. நானும் அந்தப் பெண்ணும் மூத்த கணக்கரும் இரண்டு மாலைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நோட்டோடு ஒப்பிட்டோம். 19 பில்களில் நோட்டும் பில்லும் மாறுபட்டன. எல்லாவற்றிலும் பில்லில் இருந்தது நோட்டில் இருந்ததைப்போல் சரியாகப் பத்து மடங்கு. 2 பில்களில் கழிவு உண்மையிலேயே அதிகம். மீதி 2 பில்களுக்கான நோட்டுப் பக்கம் ஈரத்தில் ஊறி வாசிக்க முடியாமல் போயிருந்தது.

முதலாளி அந்த இரண்டையும் விவசாயிகளுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதில் ஒரு பங்கை நான் ஏற்க முன்வந்தேன். அவர் அந்த ஆண்டுக்கான பராமரிப்புத் தொகையை மட்டும் கழித்துக்கொண்டார்.

பின்விளைவு

புதிய பதிப்பின் முதல் வாரத்தில் கழிவுக் கட்டத்தில் மூன்று முறை சிவப்புக் குறி வந்தது. மூன்றும் பழைய பழக்கத்தில் தட்டிய .4, .6 போன்றவை. இரண்டு முறை 4 என்று மட்டும் தட்டப்பட்டு, அது 4 கிராமாகக் கொள்ளப்பட்டு, கழிவு மிகக் குறைவு என்ற கேள்வி வந்து திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு பழகிவிட்டது. மலையாளக் கணக்கர் மலையாள எண்களைத் தட்டினால் புரோகிராம் மூடிக்கொள்வதில்லை. அவற்றை வழக்கமான இலக்கங்களாக மாற்றிக் காட்டிவிட்டு, எழுத்தில் வரும் வாசகத்தைப் பார்க்கச் சொல்கிறது. எண்ணை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றுவதால் இதை அனுமதித்தேன்.

எழுத்தில் காட்டும் வரிதான் நான் எதிர்பார்த்ததைவிடப் பயன்பட்டது. படிக்கத் தெரியாத முதியவர் ஒருவருக்கு அந்தப் பெண் அதை வாய்விட்டு வாசித்துக் காட்டத் தொடங்கினார். இப்போது எல்லாருக்கும் வாசிக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஒருமுறை மொத்த எடையில் இருந்த தவறை அப்படித்தான் பிடித்தார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஒரு கட்டத்தைக் கட்டுப்படுத்தும் முன், அந்த எண் அவர்களிடம் எந்த வடிவில், எந்த அலகில் இருக்கிறது என்று நோட்டைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் திரையிலிருந்து தொடங்கினேன். சோதிக்கும்போது கட்டம் காலியாக இருப்பது, ஏற்கெனவே ஓர் எண் இருப்பது, அது முழுவதும் தேர்வாகியிருப்பது, பாதி தேர்வாகியிருப்பது ஆகிய நான்கு நிலைகளிலும், புள்ளியில் தொடங்கியும் பூஜ்யத்தில் தொடங்கியும் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். இப்போது இதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தனித்தனியாகச் சரியாக இருந்த இரண்டு மாற்றங்கள், அதாவது ஒற்றைப் புள்ளி நிபந்தனையும் செலக்ட் ஆலும், சேர்ந்தபோது பிழையானதால், எந்தச் சிறு வசதியைச் சேர்த்தாலும் அந்தத் தாளின் முதல் வரியிலிருந்து மீண்டும் ஓட்டுகிறேன். தொலைபேசியில் பிழை சொன்னால், என்ன எண் வந்தது என்று கேட்பதற்கு முன், எந்த விசைகளை அழுத்தினீர்கள் என்று கேட்கிறேன்.

அதே ஏழெட்டு வரிகள் நான் எழுதிக் கொடுத்த வேறு மூன்று ஸ்டோர்களிலும் இருந்தன. இரண்டில் செலக்ட் ஆல் சேர்க்கப்படவில்லை. நோட்டோடு ஒப்பிட்டதில் பிழை எதுவும் இல்லை. மூன்றாவதில் இரண்டும் சேர்ந்தே இருந்தன, பொறுக்கும் மேசை நோட்டுகளோ பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டிருந்தன. அங்கே கழிவு அதிகமாகக் காட்டிய பில்களின் விவசாயிகளை அந்த ஸ்டோர்க்காரர் ஒவ்வொருவராக அழைத்து, அன்று மேசையில் என்ன நிறுத்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு வருகிறார். நினைவிருக்கிறவர்கள் சொல்வதை அப்படியே ஏற்றுத் தொகையைக் கொடுக்கிறார்.